கார்பன் பிரஷ்ஷில் ஒரு சின்ன மாற்றம்: இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானா?

கார்பன் பிரஷ் என்பது மோட்டாரின் சுழலும் பகுதியில் உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கட்டை. அதில் மாற்றம் செய்து காப்புரிமை (பேட்டன்ட்) கேட்பது பற்றி, மலேசியாவின் பினாங்கில் பட்டர்வொர்த், பிறை பக்கத்து மோட்டார் கட்டும் பட்டறைகளிலிருந்தும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மெயின்டனன்ஸ் பார்க்கும் நம் பிள்ளைகளிடமிருந்தும் எனக்கு வரும் கேள்விகள் இவை. நான் வழக்கறிஞன் அல்ல. பதினோரு வருடம் காயில் சுற்றியவன். இப்போது ஒரு காப்புரிமை முகவரிடம் விண்ணப்பத்துக்கான விவரணம் எழுதித் தருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் கேட்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்துக்கென்று முடிவெடுக்கும் முன் பதிவுபெற்ற முகவர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஆப்வியஸ்னஸ்’ (obviousness) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லைச் சிலர் ‘வெளிப்படைத்தன்மை’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். படிக்கிறவர் ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் என்று நினைத்துக்கொள்கிறார். இங்கே நான் ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்றே எழுதுகிறேன்.

அண்ணே, நான் செஞ்ச மாதிரி பிரஷ் உலகத்துல எங்கயும் இல்ல. அப்புறம் ஏன் ‘எளிதில் தோன்றக்கூடியது’ன்னு மறுக்கிறாங்க?

புதுமை வேறு, இது வேறு. 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மலேசியாவில் 1986 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு மூன்று தகுதிகளைக் கேட்கிறது: புதிதாக இருக்க வேண்டும், கண்டுபிடிப்புப் படி ஒன்று, அதாவது பழையதைத் தாண்டி வைத்த ஓர் அடி, இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். இரண்டாவதை 15ஆம் பிரிவு விளக்குகிறது. அதற்கு முன்பு வெளியானவற்றை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது, துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கு அது எளிதில் தோன்றியிருக்கக் கூடாது.

புதுமையைச் சோதிக்கும்போது, விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் காப்புரிமை அலுவலக அதிகாரி ஒரே ஓர் ஆவணத்தில் உங்கள் பிரஷ்ஷின் எல்லா அம்சமும் இருக்கிறதா என்று தேடுவார். இரண்டைச் சேர்த்துத் தைக்க முடியாது. கண்டுபிடிப்புப் படியைச் சோதிக்கும்போது தைக்கலாம். ஜப்பான்காரர் ஒருவரின் பழைய ஸ்பிரிங், ஜெர்மன்காரர் ஒருவரின் பழைய ஹோல்டர் இரண்டையும் எடுத்து, ‘இவற்றைச் சேர்த்தால் உன்னுடையது வந்துவிடுகிறதே’ என்று எழுதலாம். ஆனால் சேர்ப்பதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். அவருடைய மறுப்புக்கு எழுதும் பதில் கடிதத்தில் நாம் பிடிக்க வேண்டிய நூல்முனை அதுதான்.

‘சாதாரணத் தேர்ச்சி உள்ளவர்’ என்றால் யார்? அதிகாரியா, நீதிபதியா, என் முதலாளியா?

யாருமில்லை. சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். தன் துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்திருப்பார், சலிக்கவே மாட்டார். ஆனால் புத்திக்கூர்மை நடுத்தரம்தான். இப்படி ஒருவரை நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. நம் ஃபோர்மேன்களுக்குப் புத்தி கூர்மையாக இருக்கும், படிக்கத்தான் நேரமிருக்காது.

பிரஷ் விஷயத்தில் இந்த ஆள் மோட்டார் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, கார்பன், கிராஃபைட், செம்புத்தூள் கலவையும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் அறிந்திருப்பது அபூர்வம் என்றால், ஒரு குழுவையே அந்த ஆளாகக் கொள்வது வழக்கம்.

அவரை வெறும் இயந்திரமாக நினைக்க வேண்டாம் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கருத்து. 2007இல் கேஎஸ்ஆர், டெலிஃப்ளெக்ஸ் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு. சரிசெய்யக்கூடிய கார் பெடலில் மின்னணு சென்சார் பொருத்திய காப்புரிமை செல்லாது என்று தீர்ந்தது. பெடலும் தெரிந்தது, சென்சாரும் தெரிந்தது. சந்தை முழுக்க அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது சாதாரணத் திறமைசாலியும் அந்த இரண்டையும் சேர்த்திருப்பார் என்றார்கள். மலேசிய அதிகாரியை அமெரிக்கத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பிரஷ்ஷில் சென்சார் வைத்துத் தேய்மானம் காட்டும் யோசனையோடு வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். தேய்ந்ததும் ஒரு காப்பு முனை வெளியே தள்ளி மோட்டாரை நிறுத்தும் பிரஷ்கூடக் கைக்கருவிகளில் பழைய சரக்கு.

நான் பொருளை மட்டும்தான் மாத்தினேன். அது கண்டுபிடிப்பு ஆகாதா?

இந்தக் கேள்விக்குப் பிரஷ்ஷின் வரலாற்றைவிட நல்ல பதில் இல்லை.

முதலில் எதிர்ப்பக்கம். 1851இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹாட்ச்கிஸ் – கிரீன்வுட் வழக்கைத் தீர்த்தது. கதவுக் குமிழ் பற்றிய வழக்கு அது. மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்தார்கள். தண்டைப் பொருத்தும் முறை ஏற்கனவே தெரிந்ததுதான். பொருள் மாற்றம் மட்டும் என்றால் அது நல்ல கைவினைஞனின் வேலை, கண்டுபிடிப்பாளனின் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொருளை மாற்றியவர்கள் எல்லாரும் இந்த நிழலில்தான் நிற்கிறார்கள்.

இப்போது பிரஷ். பெயரே ஏன் பிரஷ்? ஆரம்பத்தில் செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, துடைப்பம் மாதிரி கம்யூட்டேட்டரின் (சுழலும் பகுதியில் காயில்களோடு இணைந்த செம்புப் பட்டைகளாலான உருளையின்) மேல் உரச விட்டார்கள். பொறி பறந்தது, கம்யூட்டேட்டர் அரித்துப்போனது. 1885இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கார்பனைப் பயன்படுத்தும் முறைக்குப் பிரிட்டனில் காப்புரிமை எடுத்தார். 1888 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் வான் டெபோல் டிராம் மோட்டார்களில் கார்பன் பிரஷ்ஷைக் கொண்டுவந்தார்.

‘செம்புக்குப் பதில் கார்பன், பொருள் மாற்றம்தானே’ என்று இன்று சொல்லலாம். அன்றைய மின் பொறியாளரின் தலைக்குள் போய்ப் பாருங்கள். அவருடைய வேலையே தடையைக் குறைப்பது. கார்பனின் மின்தடை செம்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். மின்சாரம் போகும் வழியில், அதுவும் தொடும் இடத்தில், வேண்டுமென்றே தடையைச் செருகுவாரா? செருகினால்தான் சரி என்று பின்னால் புரிந்தது. பிரஷ் ஒரே நேரத்தில் இரண்டு பட்டைகளைத் தொடும்போது இடையிலுள்ள காயில் குறுக்குச்சுற்று ஆகிறது. அந்தக் காயிலில் சுழலும் மின்னோட்டத்தை, கார்பன் தொடும் இடத்துத் தடை அடக்குகிறது. பட்டை விலகும்போது பொறி குறைகிறது. கூடவே கார்பன் வழுக்கும், கம்யூட்டேட்டரைத் தின்னாது. ஒரு பிரஷ்ஷுக்கு ஏறக்குறைய 1 வோல்ட் இழக்கிறோம், அதற்குப் பதிலாக இதெல்லாம் கிடைக்கிறது.

பீங்கான் குமிழில் எதிர்பார்த்ததுதான் கிடைத்தது: உறுதி, அழகு, மலிவு. கார்பனில், துறையே ‘போகாதே’ என்று சொன்ன திசையில் போய், துறை எதிர்பார்க்காத பலன் கிடைத்தது. எந்த நீதிமன்றமும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து இப்படிச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு. ஆனால் பொருள் மாற்றியவர் என்னிடம் வந்தால் நான் கேட்பது இரண்டே கேள்வி: மாற்றுவதற்கு முன் தொழில்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? மாற்றியபின் எது உங்களை ஆச்சரியப்படுத்தியது?

அதிகாரி என் விவரணத்தைப் படிச்சிட்டுத்தான ‘இது சுலபம்’னு சொல்றாரு?

ஆமாம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பாட்டி போட்ட விடுகதைக்கு விடை சொன்னபிறகு ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்போமே, அதே கதை. விடை தெரிந்த கண்ணோடு பழைய ஆவணங்களைப் படித்தால் எல்லாம் அந்த விடையையே சுட்டும். அதனால் விண்ணப்பத் தேதிக்கு, முன்பே போட்ட ஒரு விண்ணப்பத்தின் தேதியை முன்னுரிமையாகக் கோரியிருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய நாளில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும் என்பது விதி. பதில் எழுதும்போது, பழைய ஆவணத்தின் எந்த வரியில் இந்த மாற்றத்துக்கான தூண்டுதல் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஒரு உதாரணத்தை வச்சு முழுசா காட்டுங்களேன்.

கற்பனை உதாரணம் ஒன்றை எடுப்போம். பினாங்குக் கடலோரக் காற்றில் டிரில் மோட்டாருக்குள் கார்பன் தூசு ஈரத்தோடு சேர்ந்து பசையாய் ஒட்டுகிறது. ஒருவர் பிரஷ்ஷின் முகத்தில் சாய்வாக இரண்டு வரிப்பள்ளம் வெட்டுகிறார், டயரில் இருப்பதுபோல. தூசு பக்கவாட்டில் வெளியேறுகிறது என்கிறார்.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் விண்ட்சர்ஃபிங் வழக்கில் வகுத்து, 2007இல் போட்ஸோலி வழக்கில் ஒழுங்குபடுத்திய நாலு படிகள் உண்டு. விண்ட்சர்ஃபிங் படிகளை மலேசிய நீதிமன்றங்களும் எடுத்தாண்டிருக்கின்றன. துறையறிந்த ஆள் யார், அவருக்கு என்ன தெரியும் என்று முடிவு செய். கண்டுபிடிப்பின் கரு என்ன என்று பார். பழையதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல். அந்த வித்தியாசம், கண்டுபிடிப்பை அறியாத ஒருவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா என்று கேள்.

ஆள் யார் என்று பார்த்தாயிற்று. கரு: தூசை வெளியேற்றும் சாய்வுப் பள்ளம். பழையவை இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, முகத்தில் நேர்ப்பள்ளம் உள்ள பிரஷ் பற்றிய ஆவணம். மற்றொன்று, ஸ்லிப் ரிங்கில் (சில மோட்டார்களில் பிரஷ் உரசும் முழு உலோக வளையத்தில்) திருகுசுருள் பள்ளம் வெட்டும் வழக்கம். இந்த இரண்டாவது கற்பனையில்லை, பெரிய மோட்டார்களில் கண்ணால் பார்க்கலாம். வித்தியாசம்: பள்ளம் சாய்ந்திருக்கிறது, அதுவும் பிரஷ்ஷில் இருக்கிறது.

நான் அதிகாரியாக இருந்தால் இந்த இடத்தில் மறுத்திருப்பேன். உரசும் இரு முகங்களில் ஒன்றில் செய்வதை மற்றொன்றில் செய்து பார்ப்பது பட்டறை புத்தி. நேர்ப்பள்ளத்தைச் சாய்ப்பதும் அப்படித்தான்.

ஆனால் நம் ஆள் ஒன்றைக் கவனித்தார் என்று வையுங்கள். பிரஷ் தேய்கிற பொருள். முகத்தில் மட்டும் வெட்டிய பள்ளம் சில வாரத்தில் மறைந்துவிடும். நீளம் முழுக்க வெட்டினால் பிரஷ் பலவீனமாகி ஹோல்டருக்குள் உடையும். அதற்காக அவர் பள்ளத்தை மென்மையான, தானே உதிரும் ஒரு கலவையால் நிரப்பி அழுத்திச் சுட்டார். பிரஷ் தேயத் தேயப் பள்ளம் தானே திறக்கிறது, உடம்பு உறுதியாகவும் இருக்கிறது. இப்போது கரு மாறிவிட்டது. ‘சாய்வுப் பள்ளம்’ என்று கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) எழுதினால் விழும். ‘தேயும்போது தானே திறக்கும் நிரப்பிய பள்ளம்’ என்று எழுதினால் பழைய இரண்டு ஆவணங்களும் அதை நோக்கிக் கைகாட்டவில்லை. ஒரே பிரஷ்தான், ஒரே மனிதர்தான். எழுதுவதில் இருக்கிறது பிழைப்பு.

இன்னொரு வழுக்கலும் உண்டு. சோதனையில் தூசோடு பொறியும் குறைந்தது, இது எதிர்பாராத பலன் என்று துள்ள வேண்டாம். தூசுக்காகவே எவரும் அதே வடிவத்துக்கு வந்திருப்பார் என்றால், கூடவே கிடைத்த பொறிக் குறைப்பு வெறும் கொசுறுதான். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் கொசுறு ஒரு கிளெய்மைக் காப்பாற்றாது.

கலவையில மாலிப்டினம் டைசல்ஃபைடு அளவைக் கூட்டிப் பார்த்தேன், ஆயுள் கூடிச்சு. இது?

மாலிப்டினம் டைசல்ஃபைடு வழுக்கலுக்காகச் சேர்க்கும் தூள். இப்படித் தெரிந்த பொருளைத் தெரிந்த நோக்கத்துக்காகச் சேர்த்து, அளவைக் கூட்டிக் குறைத்துச் சிறந்த எண்ணைக் கண்டுபிடிப்பது வழக்கமான வேலையாகவே கருதப்படும். குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் வரைகோடு திடீரென்று எகிறினால் கதை வேறு. அந்த எல்லைக்கு வெளியே செய்த சோதனைகளையும் காட்ட வேண்டும். வெற்றி பெற்ற புள்ளியை மட்டும் கொண்டுவருபவர்கள்தான் அதிகம்.

இந்தச் சேர்மானங்களுக்கு ஒரு பழங்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் பிரஷ்கள் சில மணி நேரத்தில் பொடிப்பொடியாய்த் தேய்ந்தன. கிராஃபைட் தன்னால் வழுக்குகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது காற்றிலுள்ள நீராவியைப் பிடித்துக்கொண்டுதான் வழுக்குகிறது, உயரத்தில் காற்று வறண்டிருப்பதால் வழுக்கல் போய்விடுகிறது என்று பிறகு தெரிந்தது. பேரியம் ஃபுளோரைடு போன்ற சேர்மானங்களால் சமாளித்தார்கள். காரணமே தெரியாதபோது அந்தப் பொருளைச் சேர்ப்பது ஒன்று. காரணம் பாடப்புத்தகத்தில் வந்தபின் சேர்ப்பது வேறொன்று. பிரச்சினையின் வேரைக் கண்டுபிடிப்பதே சில சமயம் கண்டுபிடிப்புப் படி ஆகிவிடும். உங்கள் விவரணத்தில் தீர்வுக்கு மட்டுமல்ல, ‘இதுவரை எல்லாரும் காரணம் இது என்று நினைத்தார்கள்’ என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ரொம்ப எளிமையா இருக்கு தம்பி, சொல்லவே வெட்கமா இருக்கு.

வெட்கப்படாதீர்கள் அக்கா. குழந்தைகள் கவிழ்த்தாலும் சிந்தாத குவளைக்கான காப்புரிமையை 1999இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் காப்பாற்றியது. ஹேபர்மன் – ஜாக்கெல் வழக்கு. மூடிக்குள் ஒரு பிளவு வால்வு, அவ்வளவுதான். வால்வும் தெரிந்தது, குவளையும் தெரிந்தது. ஆனால் சிந்தும் தொல்லை வருடக்கணக்காக எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அந்தத் தொழிலில் இருந்த எவரும் அந்த அடியை வைக்கவில்லையே, ஏன்? எளிமையான தீர்வுக்கு நீண்டநாள் தொல்லைதான் சாட்சி.

நல்லா விக்குது. அது போதுமா?

துணைச் சாட்சி மட்டும். விளம்பரத்தாலும் விலையாலும் விற்றதா, அந்த அம்சத்தாலேயே விற்றதா என்று கேட்பார்கள்.

தற்செயலா கண்டுபிடிச்சேன், பரவாயில்லையா?

பரவாயில்லை. எப்படி வந்தது என்பதைவிட, மற்றவருக்கு வந்திருக்குமா என்பதே கேள்வி.

வாட்ஸ்அப் குழுவுல வீடியோ போட்டுட்டேன். நாலு கடைக்கு வித்தும் இருக்கேன்.

போட்ட நாளை உடனே எழுதிவையுங்கள். எழுத்தால், வாய்மொழியால், பயன்பாட்டால், வேறு எந்த வழியாலும், உலகின் எந்த மூலையில் வெளியானாலும் அது உங்களுக்கு எதிராக எண்ணப்படும். நீங்களே வெளியிட்டதும்கூட. மலேசியச் சட்டத்தின் 14(3) பிரிவு விண்ணப்பதாரரே செய்த வெளியீட்டுக்கு ஓர் ஆண்டு சலுகை தருகிறது. ஐரோப்பா அப்படித் தராது.

பயன்பாடும் வெளியீடுதான் என்பதற்கு மேலே சொன்ன விண்ட்சர்ஃபிங் வழக்கே சாட்சி. 1958இல் ஹெய்லிங் தீவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தானே கட்டிய பலகையில் பாய்மரம் நட்டு ஓட்டியிருந்தான். அவனுடைய கைப்பிடிக் கழிகள் நேரானவை, காற்றில் வளைந்துகொண்டன. பிற்பாடு வளைந்த கழியோடு எடுத்த காப்புரிமை அதனால் விழுந்தது. நம் ஊர்ப் பழைய மெக்கானிக் ஒருவர் பத்து வருடம் முன்பு கடைவாசலில் செய்துகாட்டியதும் அதே கணக்கில்தான் வரும்.

கண்டுபிடிப்புப் படி நிச்சயமா இல்லன்னு தெரிஞ்சா, வேற வழி?

இருக்கிறது. பலரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இதே சட்டத்தின் கீழ் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்று ஒன்று தருகிறார்கள். அதற்குப் புதுமை வேண்டும், தொழில் பயன் வேண்டும், கண்டுபிடிப்புப் படி வேண்டாம். காலம் 10 ஆண்டு. நாட்டில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டி இருமுறை ஐந்தைந்து ஆண்டு நீட்டிக்கலாம். காப்புரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தை இதற்கு மாற்றவும் வழி உண்டு, காலக்கெடுவைத் தவறவிடாமல் இருந்தால். பள்ளம் வெட்டிய பிரஷ் போன்றவற்றுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். ‘பேட்டன்’ என்று சுவரில் மாட்டினால்தான் கௌரவம் என்பவர்கள் கேட்பதில்லை.

தொழிற்சாலையில வேலை பார்க்கிறேன். கண்டுபிடிப்பு யாருக்கு?

வேலைக்காகவே செய்தது என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, முதலாளிக்கு. எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய மதிப்பு ஈட்டினால் நியாயமான ஊதியம் கேட்கும் உரிமையை 20ஆம் பிரிவு தருகிறது. அந்த ஒப்பந்தத்தை முதலில் தேடி எடுங்கள்.

ஆட்சேபக் கடிதம் வந்தா எப்படிப் பதில் எழுதுறது?

கோபத்தில் எழுதாதீர்கள். அதிகாரி எடுத்த ஆவணங்களில் உங்களுக்கு மிக நெருக்கமானது எது என்று பார்த்து, அதோடு ஒப்பிட்ட சோதனையைக் கொடுங்கள். சந்தையில் வாங்கிய மட்டமான பிரஷ்ஷோடு ஒப்பிட்டு ஜெயிப்பதில் பயனில்லை. ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது, ஸ்பிரிங் அழுத்தம் என்ன, அன்றைய ஈரப்பதம் என்ன என்று குறித்த பழைய நோட்டு இருந்தால் அதன் மதிப்பே தனி. அதனால்தான் முதல் நாளிலிருந்தே தேதி போட்டு எழுதச் சொல்கிறேன்.

முதன்மைக் கிளெய்முக்குக் கீழே, அதோடு இன்னோர் அம்சத்தையும் சேர்த்துக் கேட்கும் குறுகிய சார்புக் கிளெய்ம்களும் இருக்கட்டும். 2015இல் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், முதன்மை விழுந்தால் சார்ந்தவையும் விழும் என்றது. 2019இல் மெர்க் – ஹோவிட் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. சார்புக் கிளெய்ம் தன் காலில் நிற்க முடிந்தால் நிற்கலாம்.

சிங்கப்பூர்லயோ இந்தியாவுலயோ முதல்ல போடலாமா?

மலேசியாவில் குடியிருப்பவர் என்றால் முதலில் இங்கே போட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது பதிவாளரின் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். 62ஏ பிரிவு. மீறுவது குற்றம். இங்கே போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டில் போட்டால் முன்னுரிமைத் தேதி கூடவே வரும்.

என் பிரஷ் எல்லா மோட்டாருக்கும் பொருந்தும்னு எழுதிடலாமா? வீட்டு மிக்ஸி, கிரைண்டர் எல்லாத்துக்கும்?

மிக்ஸியில் பிரஷ் உண்டு, இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டரில் பெரும்பாலும் கிடையாது. அது இன்டக்‌ஷன் மோட்டார். ‘எல்லா மோட்டாருக்கும்’ என்று எழுதிய விவரணத்தைப் படிக்கும் அதிகாரிக்கு, எழுதியவருக்கு மோட்டார் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ‘கம்யூட்டேட்டர் உள்ள மோட்டார்’ என்று திருத்துங்கள்.